சாமி அலமாரியைச் சுற்றிப்போன குழாய்

தொண்ணூறுகளில் இந்தக் குளிர்நாட்டில் நாங்கள் மலிவாக வாங்கிய வீட்டில் ஒழுங்கான ஹீட்டிங் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்ததும் அவருடைய ஆஸ்துமாவுக்காகத்தான் வீட்டைச் சூடாக்கப் புதுப் பொயிலர் போட்டோம். வீடு குளிர்ந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும்.

அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த வகை அது. எரியும்போது உள்ளே நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்ற விரல் தடிப்பில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வேண்டும். தண்ணீருக்குப் போக வழியில்லாவிட்டால் பொயிலர் நின்றுவிடும்.

பிளம்பரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். குழாயைக் குசினிச் சுவரோடு கொண்டுபோய் சிங்கின் கழிவுக்குழாயில் சேர்ப்போம் என்றார். நடுவில் பழைய சாமான் அலமாரி. அதற்குள்தான் எங்கள் சாமிப்படங்கள் இருந்தன.

அப்பா கதிரையிலிருந்து எழும்பி வந்தார்.

"கழிவுத்தண்ணி சாமிக்குள்ளாலையோ? அது சரிவராது."

"ஐயா, வெளியால கொண்டுபோனா குளிருக்கு உறைஞ்சுபோம். பிறகு பொயிலர் நிண்டிடும்," என்றார் பிளம்பர்.

"உறைஞ்சா உறையட்டும்."

"அப்பா, சாமியை வேறை இடத்திலை வைப்பம்," என்றேன் நான்.

"விளக்கேத்தின இடத்தை மாத்தக்கூடாது, தம்பி."

மூச்சுக்குத் தவிக்கிற மனிதருக்கு வாதாட மட்டும் எங்கிருந்துதான் மூச்சு வருமோ! குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், வெயிலே படாத பக்கச் சந்தால் நீண்டு, பின்வளவுக் கழிவுக்கானில் விழுந்தது.

முதல் உறைபனிக்கே அடைத்துக்கொண்டது. பொயிலர் களக் களக் என்று குமுறிவிட்டு நின்றது. நான் கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் குழாயின் மேல் ஊற்றினேன். மனைவி பழைய கம்பளிகளைக் கிழித்துச் சுற்றினாள். உள்ளே அப்பா கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு அலமாரிக்கு முன்னால் தேவாரம் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த குளிர்காலம் பொல்லாதது. ஊற்றிய தண்ணீரே குழாயின் மேல் கட்டியாகிவிட்டது. மின்சார ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அப்பாவின் காலடியில் வைத்தோம். அதற்குள் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நிமோனியா என்றார் டொக்டர். நான் குழாய் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பிளம்பரை மறுபடி கூப்பிட்டேன். பிள்ளைகளாவது சூட்டில் படுக்கட்டும், இனித் தடுக்க ஆளில்லை என்று நினைத்தேன். அவர் துளைக்கும் மெஷினோடு வந்து அலமாரிக்குள் குனிந்து பார்த்தார். சாமிப்படங்களுக்குக் கீழ்த்தட்டில், குழாய் போகவேண்டிய இடத்தில், மாலையோடு அப்பாவின் படம் இருந்தது. முன்னால் மனைவி ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணை, இதுக்குள்ளாலையோ?" என்று கேட்டார் பிளம்பர்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"ஏலாது. விடுங்கோ," என்றேன்.

அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். கேத்திலில் மிஞ்சிய சுடுதண்ணீரைக் குழாயின் மேல் ஊற்ற வெளியே போனேன்.