கை தட்ட மட்டும் அனுமதி

என் மகள் வாலிபால் ஆடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போட்டிகள் எப்போதும் வேலை நாளில்தான் வரும். சின்ன வெங்காய மண்டியில் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. சும்மா லீவு கேட்கக் கூச்சமாக இருக்கும்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது கொரோனா கட்டுப்பாட்டினால் போட்டிகள் தள்ளித் தள்ளிப் போயின. தேதி சொல்வார்கள், முதல் நாள் மாலை இல்லை என்பார்கள். அவளும் துடைத்து வைத்த ஷூவை மறுபடி பையில் போட்டுக் கட்டுவாள். ஒருவழியாக இறுதிப் போட்டிக்கு நாள் உறுதியானது.

"பள்ளிக்கூடத்துல நான் ஆடுற கடைசி மேட்ச்சும்மா. இதையாச்சும் வந்து பாரு."

மண்டியில் எப்படியோ வாயைத் திறந்து லீவு கேட்டேன். குரும்பலூரில் டவுன் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் இறங்கினேன்.

மைதானம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தினுடையது. கேட்டில் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, பெற்றோருக்கும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஒருவரைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனதையும், அவர் பெண்டாட்டி கிட்டே போக முடியாமல் வாசலிலேயே நின்றதையும் பார்த்தவள் நான். நோய்க்குப் பயந்துதான் சொல்கிறார்கள் என்று வேலியோரமாக நின்றேன். வேலி முழுக்கப் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தது. உள்ளே பிள்ளைகள் ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பந்து உயரே எழும்பும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

பக்கத்தில் நின்றவர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். எதிர் அணியில் அவர் மகள் ஆடுகிறாளாம்.

"என்னங்கக்கா, பந்து தெரியுது, புள்ளைங்க தெரியல. யாரு அடிச்சான்னு நாம எப்புடிங்க கண்டுபிடிக்கிறது?" என்றார். நான் முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தேன்.

மதியத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுமதி கொடுத்திருந்தார்களாம். ஆனால் ஆட்டம் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவேண்டுமாம். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு கார்கள் வரிசையாக வந்தன. கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார்கள். இறங்கியவர்கள் எல்லோருக்கும் முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. பின்னால் மாலையும் சால்வையும் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம்.

"ஏண்ணே, இவங்களுக்கெல்லாம் கொரோனா வராதா?" என்று லாரிக்காரர் வாட்ச்மேனைக் கேட்டார்.

"என்னைய ஏன்யா கேக்குற? எனக்கு சம்பளம் நீயா குடுக்குற?"

கொஞ்ச நேரத்தில் போட்டி நடத்தும் சார் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "பேரன்ட்ஸ் எல்லாம் உள்ள வாங்க! சீக்கிரம் வாங்க!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன். கையில் மருந்து தெளித்தார்கள். மேடைக்கு எதிரே நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் போட்டோகிராபர் சொன்னார்: "காலியா தெரியுது சார், நெருங்கி உக்காரச் சொல்லுங்க." நாற்காலிகளை இழுத்து முழங்கை இடிக்க உட்காரவைத்தார்கள்.

விருந்தினர் பேசினார். விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம், தன்னைப் பற்றி நிறைய. அவர் மூச்சு வாங்கும் இடங்களில் சார் எங்களைப் பார்த்துக் கை காட்டினார். நாங்கள் தட்டினோம். பிறகு அவர் கீழே இறங்கி, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்தார். எதிர் அணிக்குக் கை கொடுக்கக் கூடாது, கும்பிட்டால் போதும் என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தார்கள். என் மகளின் முறை வந்தது. கொடுத்தாள். அவர் நகர்ந்ததும் கையை டிராக் பேன்ட்டில் தேய்த்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

கார்கள் கிளம்பின. பிள்ளைகள் அவரவர் இடத்துக்குப் போய் நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். சார் எங்களிடம் வந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. பார்வையாளர் இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"இவ்ளோ நேரம் இருந்தமே சார், அப்ப நாங்க என்னா, நாற்காலியா?" என்றார் லாரிக்காரர்.

"புரிஞ்சுக்குங்கண்ணே. யாராச்சும் கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

அந்த முகத்தில் வெட்கம் கொஞ்சமாவது தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. விருந்தினருக்குப் போட்ட மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டே எங்களை ஆடு மாதிரி கேட்டுப் பக்கம் ஓட்டினார். திரும்பிப் பார்த்தேன். வலைக்குப் பக்கத்தில் நின்ற என் மகள் காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் போய்விட்டதால் ஒரே செட்டோடு முடித்துக்கொண்டார்கள். பச்சைத் துணிக்கு மேலே பந்து ஏறியது, இறங்கியது. கடைசியில் ஒரு பெருங்கூச்சல் கேட்டது. யார் பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று தெரியாமல் நானும் லாரிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மகள் கோப்பையோடு ஓடிவந்த பிறகுதான் தெரிந்தது.

"பாக்காத ஆட்டத்துக்கு என்னத்தக்கா சந்தோசப்படுறது?" என்று முனகிவிட்டு, மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பஸ்ஸில் என் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். குரும்பலூர் நெருங்கும்போது, "கடைசிக்கு முந்துன பந்த நான் விழுந்து எடுத்தேம்மா. வெளியிலேருந்து தெரிஞ்சுதா?" என்றாள்.

"பந்து தெரிஞ்சுது" என்றேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. ஒரு படத்தில் முன்வரிசையில் நான், இரண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டிருக்கிறேன். 'அரசு நெறிமுறைகளின்படி நடந்த இறுதிப் போட்டியை உற்சாகத்துடன் கண்டு மகிழும் பெற்றோர்' என்று கீழே எழுதியிருந்தது. எச்சிலைக் கூட்டித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"நல்லா தட்டியிருக்கம்மா" என்றாள் மகள்.

"அத அழிச்சிடுடி."

"என் போன்ல அழிச்சா ஆச்சா? எல்லார்கிட்டயும் இருக்கே."