பெயர் எழுதாத சீட்டு

இரண்டு விஷயங்களைப் பேசக் கூடாது என்று கூட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். ஒன்று, கடலுக்குள் இருக்கும் அந்தச் சின்னத் தீவு. இன்னொன்று, பிடிபட்ட படகுகள். மற்றபடி இரண்டு தேசத்துப் பிள்ளைகளும் மனம் விட்டுப் பேசலாம் என்றார்கள்.

எழுபதுகளில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை என்பதால் அதில் எனக்குக் குழப்பம் வருவதில்லை. தூத்துக்குடியில் அப்பா பியூனாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில்தான் அந்த இளைஞர் சந்திப்பு நடந்தது. சிலோனிலிருந்து பன்னிரண்டு பேர் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, பஸ்ஸில் வந்திருந்தார்கள். நம் பக்கம் சாயர்புரம், ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் கட்டிய துணியில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோல் டிராயிங் வாத்தியார் வரைந்திருந்தார். ஒரு கைக்கு ஆறு விரல் விழுந்துவிட்டது. அது எந்த தேசத்துக் கை என்று முதல் நாளே பிள்ளைகளுக்குள் கேலி கிளம்பிவிட்டது.

மூன்று நாளும் சமையல் அம்மாவும் சித்தியும். சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி, தருவைகுளத்தில் குடியிருந்தவள். சித்தப்பா இரண்டு பேரோடு வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவர், காற்று இழுத்துக்கொண்டுபோய் சிலோன் கரையில் பிடிபட்டுவிட்டார். பிடித்துவிட்டார்கள் என்று ஒரு தோணிக்காரர் வந்து சொன்னாரே தவிர, எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒவ்வொரு ஆபீசாகப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். நாற்பது நாள் ஆகியும் தகவல் இல்லை. சித்தி எங்கள் வீட்டுக்கே வந்து இருந்துகொண்டாள்.

"இங்கன யாருட்டயும் வாயத் திறந்துராத. வந்திருக்கவிய விருந்தாளிய. அப்புறம் எனக்கு வேலை இருக்காது" என்று அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். சித்தி சரி என்று தலையாட்டிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் காலையில் மேடை மேல் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியில் கீறல் போட்டு, சுற்றிலும் கலர்த்தாள் ஒட்டியிருந்தது. கேட்க நினைப்பதைச் சீட்டில் எழுதி அதில் போடலாம், எழுதியவர் பெயர் வேண்டாம் என்றார் கூட்டத்தை நடத்திய வாத்தியார். சித்தி இதைக் கேட்டுவிட்டாள். என்னைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏளா, ஒனக்கு எழுத்துக் கூட்டி எழுத வருமா?"

"பாராமலே எழுதுவேன் சித்தி."

"அப்ப எழுது. எங்க வீட்டு ஆளு எங்க இருக்காவ, எப்ப விடுவியன்னு கேளு."

எங்க வீட்டு ஆளு என்று எழுதினால் என் டீச்சர் அடித்துத் திருத்துவார். அதனால் நான் நல்ல தமிழாக்கி, 'என் சித்தப்பா எங்கே இருக்கிறார்? அவரை எப்போது விடுவீர்கள்?' என்று எழுதினேன். இரண்டு இடத்திலும் கேள்விக்குறி போட்டேன். சித்திக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

எங்கள் பக்கத்தில் பெண்டுகள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சித்தியும் சொல்லவில்லை. அவருக்குச் சித்தப்பா என்பதைத் தவிர வேறு பெயர் தேவைப்படும் என்று எனக்கும் தோன்றவில்லை. தேநீர் கொடுக்கிற சாக்கில் மேடையருகே போய்ச் சீட்டை டின்னுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் சீட்டுகளை எடுத்து வாசித்தார்கள். உங்கள் ஊரில் இட்லி உண்டா என்று ஒரு சீட்டு. நீங்கள் எந்த ஊர் ரேடியோ கேட்பீர்கள் என்று ஒரு சீட்டு. மூன்றாவதோ நான்காவதோ என்னுடையது. இது பேசக் கூடாத விஷயம் என்று வாத்தியார் பாதியில் கவனித்துவிட்டார், ஆனால் வாய் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டது.

மண்டபமே சிரித்தது.

"ஏலே, யாரு சித்தப்பால காணாமப் போனது?"

"சிலோனுக்குப் பொண்ணு பாக்கப் போயிருப்பாருல."

வாத்தியார் சிரிக்காமல், "அடுத்த சீட்டு" என்றார். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது மேடையில் உட்கார்ந்திருந்த சிலோன் பிள்ளைகளில் ஓர் அக்கா எழுந்தாள். சிலாபம் பக்கம், சிங்களப் பிள்ளை. அவள் ஊரிலும் கடல்வேலைதான். அங்கே தமிழ் ஆட்களும் இருப்பதால் கொஞ்சம் தமிழ் பேசுவாள். "அந்தச் சித்தப்பாவுக்குப் பேர் என்ன? பேர் தெரிஞ்சா நான் அங்க போய்க் கேக்கலாம்" என்றாள்.

சமையல்கட்டு வாசலில் சித்தி அகப்பையோடு நின்றிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடப் போன இரண்டு பேரின் பெயரையும் படபடவென்று சொன்னாள். மூன்றாவதில் வாய் நின்றுவிட்டது. அப்பா அந்த நேரம் பார்த்து ஐஸ் வாங்கப் போயிருந்தார். அம்மாவுக்கும் கொழுந்தன் பெயர் வாயில் வராது. சித்தி முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், வேர்த்துக் கொட்டியது. பையன்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள்.

அந்த அக்கா சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, நேராகச் சித்தியிடம் வந்து, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். "எங்க அம்மாவும் சொல்ல மாட்டா" என்றாள்.

சித்தி அந்தக் காதில் சொன்னாள். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜாங்கிரி பிழிந்ததுபோல் உருண்டை உருண்டையான எழுத்து. அதன் பிறகு வாத்தியார் இரண்டு தேசத்து நட்பைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

மறுநாள் பஸ் கிளம்பும்போது அந்த அக்கா ஜன்னல் வழியாகச் சித்தியைக் கூப்பிட்டு, மடித்த தாள் ஒன்றை இரண்டு கையாலும் கொடுத்தாள். "எங்க ஊர்... நீங்களும்..." என்று தொடங்கி, தமிழ் முட்டிக்கொண்டதும் மீதியைத் தன் பாஷையில் சொன்னாள். பஸ் நகர்ந்துவிட்டது. இடையிடையே சில எண்களைத் தவிர, தாள் முழுக்க அந்த உருண்டை எழுத்துதான்.

"அட்ரஸா இருக்கும். லெட்டர் போடச் சொல்லுதா" என்றார் அப்பா.

அதை நாங்கள் மரியாதையாகவே வைத்துக்கொண்டோம். மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள் சித்தி. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினோம். நான்தான் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக உறையின் மேல் வரைந்தேன். உறை நிரம்பிவிட்டது. பதில் வரவில்லை. சிலோனில் விலாசம் ரொம்ப நீளம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பொங்கல் முடிந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். இளைத்துக் கறுத்து, தாடியோடு வந்தார். அம்மா கறி எடுத்துவரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். வீடு முழுக்க ஆட்கள். "மூணு பேரும் எங்கன இருக்கோம்னு எந்த நோட்டுலயும் இல்ல. ஒரு பெரியவர் வந்து, இன்ன பேருள்ள ஆளு இங்க இருக்கானான்னு கேட்டாராம். அவரு மக சொல்லிவிட்டாளாம். அதுக்கு அப்புறந்தான் எங்களை எழுத்துலயே ஏத்துனாவ" என்றார் சித்தப்பா.

சித்தி ஓடிப்போய் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துவந்து, "அந்தப் பிள்ளை அட்ரஸ்" என்று காட்டினாள்.

சித்தப்பாவுக்கும் அந்த எழுத்துத் தெரியாது. ஆனால் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது அட்ரஸ் இல்லளா. பாரு, ஒண்ணு ரெண்டுன்னு அஞ்சு வரைக்கும் போட்டிருக்கு. காலையில எங்களை நிறுத்தி வச்சு இப்படி எழுதின தாளைப் பாத்துத்தான் கூப்பிடுவாவ. இது ஆளுக பேரு."

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி செருப்பை மாட்டினாள். தனியாகப் போகக் கூடாது என்று அம்மா என்னையும் சேர்த்து அனுப்பினாள். கறிக்குழம்பை விட்டுவிட்டு வெயிலில் நடக்க எனக்கு இஷ்டமே இல்லை.

கொழும்பில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பிய அண்ணாச்சி ஒருவர் பஜாரில் இருந்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அந்தப் பிள்ளையின் ஊரைச் சேர்ந்த ஐந்து பேர். தூத்துக்குடிக் கடலில் பிடிபட்டவர்கள், இங்கேதான் இருக்க வேண்டும், விசாரித்துச் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. மூன்றாவது பெயருக்கு அடியில் கோடு போட்டிருந்தது. "இது அந்தப் பிள்ளை கூடப் பிறந்தவன் போல" என்றார் அண்ணாச்சி.

சித்தி அவரை நான்கு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் சொல்வதுபோல் ஐந்து பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். நான் பசிக்கிறது என்றேன். அவள் காதில் விழவில்லை.

ஸ்டேஷனில் நான்கைந்து ஆண்கள் இருந்தார்கள். சித்தி அவர்கள் முன்னால் நின்று, ஒரு பெயர்கூட விடாமல், நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்கினார்.

"ரெண்டு பேரு பர்னாந்துங்கிற. நம்ம ஊர்ப் பேருல்லா இது? இவனுவளுக்கு நீ என்ன வேணும்?"

"சித்தி" என்றாள் சித்தி.

"அஞ்சு பேருக்குமா?"

"அஞ்சு பேருக்குந்தான். எழுதிக்கிடுங்க."

ஏட்டு எழுதிக்கொண்டார்.

பொய் சொல்வது பாவம் என்று அந்த வருஷந்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைவிட, அவள் எனக்கு மட்டுந்தான் சித்தி என்று நான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சித்தப்பாவின் இலையில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய், போலீஸ்காரரிடமே சித்தி பொய் சொல்லிவிட்டாள் என்று கோள் சொன்னேன்.