முகம் வராத பேனர்

சங்கராபுரத்தில் நான் நடத்துவது ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில் அப்படி இருக்காது. ‘கிரியேட்டிவ் டிசைன் ஸ்டூடியோ’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் அதற்குக் கீழே பொடி எழுத்தில். வருகிறவர்கள் பொடி எழுத்தை மட்டும் படித்துவிட்டு ரேஷன் கார்டை நீட்டுவார்கள்.

ஸ்டூடியோவின் மொத்தச் சொத்து, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு செல்போனும் காசு கட்டாத ஒரு டிசைன் ஆப்பும். லைட்டுக்கு வாசல் வெயில். அதைத் திருப்பி முகத்தில் அடிக்க, டி.வி. வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோல். பின்னணிக்கு நாற்றுப் பண்ணையில் வேண்டாமென்று போட்ட பச்சை நிழல்வலை. அதை இரண்டாக மடித்துச் சுவரில் ஆணியடித்திருக்கிறேன். அதன் முன்னால் ஆளை நிறுத்திப் படமெடுத்துக் கொடுத்தால், பச்சையை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் மலையோ அருவியோ நாம் சொல்வதை ஆப் வைத்துவிடும். மலையையும் அருவியையும் நெட்டில் எடுத்தால் யாராவது கேஸ் போடுவார்கள் என்று பயந்து, வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து நானே எடுத்துக்கொண்டு வந்தேன். என் பேனர்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் கம்பிக்குள் இருப்பதுபோலத் தெரிவதற்குக் காரணம் அந்த பஸ் ஜன்னல்தான். கேட்டவர்களிடம் "அது டிசைனுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை காதுகுத்து பேனருக்குப் படமெடுக்க ஒரு பெரியவர் கிளிப்பச்சைச் சட்டையில் வந்தார். ஆப்புக்கு வலை எது, சட்டை எது என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அருவிக்கு நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட தலை மட்டும் மிதந்தது. அன்றே ‘பச்சை உடுத்தி வர வேண்டாம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். இப்படி ஒவ்வொன்றாகப் பட்டுப் பட்டுத்தான் நான் கிரியேட்டிவ் ஆனேன்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா மகள் வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு அக்கா வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த பையில் சொந்தக்காரர்களின் போட்டோக்கள் நிறைந்திருந்தன. எங்கள் பக்கம் பேனர் என்றால் அழைப்பு இல்லை, சபை. தாய்மாமன் படம் பெரியதாக இருக்க வேண்டும். பங்காளிகள் படம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருவர் தலை அரை விரற்கடை சின்னதாகப் போனாலும் பந்தியில் உட்கார மாட்டார். இத்தனை பேருக்கும் நடுவில் ஆளுயரத்துக்குப் பெண்ணின் படம். அதைச் செய்யப்போவது நான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் அக்கா மகள் தனியாகக் கடைக்கு வந்தாள்.

"சித்தி, என் மூஞ்சிய மட்டும் போடாதீங்க. எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல வெக்கப் போறாங்களாம். அங்கதான் எங்க கிளாஸ் பசங்க எல்லாம் நிப்பானுங்க."

"நின்னா இன்னாடி? சித்தி சூப்பரா பண்ணித் தரேன். தலைக்குப் பின்னாடி நிலா வெக்கலாமா?"

"எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு அப்படித்தான் வெச்சாங்க. இப்ப அவ பேரச் சொல்லி யாரும் கூப்புடறதில்ல. ‘பேனரு வருது பாரு’ன்றானுங்க. பாதி நாளு அவ ஸ்கூலுக்கே வர்றதில்ல. என் மூஞ்சிய வெச்சா நானும் போமாட்டேன் சித்தி."

அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போனில் நல்ல நிலாவாகத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். "மாமா, பொண்ணு படம் இல்லாம ஒரு டிசைன் பண்ணா இன்னா?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பொண்ணு மூஞ்சி இல்லாம இன்னாத்துக்கும்மா பேனரு?" என்றார் மாமா. "உனக்கு வரலன்னா சொல்லிடு. கள்ளக்குறிச்சில கம்ப்யூட்டர்ல போடறவங்க இருக்காங்க."

"எனக்கா வராது? சும்மா தகதகன்னு வரும், பாருங்க!"

பெண்ணின் முகத்தைக் காப்பாற்றப் போனவள், அதைத் தகதகவென்று கொண்டுவருவதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இனி வேண்டாமென்று சொன்னாலும் அவர் கள்ளக்குறிச்சிக்குப் போவார். அங்கே நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது. முகம் பளிச்சென்று வந்துவிடும். அவராகவே படம் வேண்டாமென்று சொல்ல வேண்டும். அதற்கு வழி என் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

படமெடுக்க அவளை மூன்று புடவைகளோடு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று கிளிப்பச்சைப் பட்டு.

"இதக் கட்டிக்கினு வா" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். "பச்ச கட்டக் கூடாதுன்னு எழுதியிருக்குதே சித்தி?"

"எழுதினவளே நான்தான். போய்க் கட்டு."

ஆப் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. நெற்றிச்சுட்டியும் பூவுமாகத் தலை தனியே, வளையல் போட்ட கைகள் தனியே, நடுவில் அருவி. அதைக் கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினேன். எட்டிப் பார்த்த அக்கா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, இன்னாடி இது? தலை மட்டும் தொங்குது!"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "நல்ல காரியம் அதுவுமா..." என்றவர் போனை என் கையில் திணித்தார். "வேணாம்மா. பொண்ணு படமே வேணாம். குத்துவிளக்கப் போட்டு முடிச்சிடு."

"வேற புடவைல எடுக்கச் சொல்லுங்களேன்" என்றாள் அக்கா.

"ஒரு வாட்டி இப்படி வந்ததே போதும். இனிமே யாரும் எடுக்க வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பெருசா ஸ்டூடியோன்னு போர்டு வெச்சிக்கினு இருக்கியே, இதுதான் உன் வேலையா?"

அந்தப் படத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அதைச் சொல்ல நாக்கு துடித்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியதில்லை. "ஃப்ரீ ஆப்பு மாமா. இவ்ளோதான் வரும்" என்றேன்.

பேனரில் குத்துவிளக்கு எரிந்தது. அதைச் சுற்றி சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒழுங்காக இருந்தார்கள். தாய்மாமனான என் தம்பி, பைக்கில் சாய்ந்தபடி விளக்கைவிடப் பெரிதாக இருந்தான். அவன்தான் அந்தத் தொங்குகிற தலைப் படத்தை என் போனிலிருந்து சுட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘அக்கா ஸ்டூடியோ’ என்று எழுதினான். யார் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளை அனுப்பினார்கள். பேனரின் கீழ்மூலையில் கடையின் பேரைப் போட்டிருந்ததால், பெண் படத்தை மறந்த டிசைனர் என்று பஸ் ஸ்டாப் முழுக்கப் பேர் வாங்கினேன். எல்லாம் நல்லதற்குத்தான் என்று தெரியும். ஆனாலும் ஒரு நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அக்கா மகள் அந்த பேனருக்குக் கீழேயே நின்று பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள். பையன்கள் மாமனின் பைக்கைப் பார்த்துச் சிரித்தார்களாம். இவளும் சேர்ந்து சிரித்தாளாம்.

பேனர் ஆர்டர் ஒன்றும் வராமல் கொஞ்ச காலம் ஜெராக்ஸ் மட்டும் ஓடியது. பிறகு ஒரு நாள், பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். மஞ்சள் நீராட்டு விழா பேனர். அம்மாவுக்குப் போன் வந்து வாசலுக்குப் போனதும், அந்தப் பெண் மேஜைமேல் குனிந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட குடுத்தா மூஞ்சி வராதாமே, நெசமா?"

எனக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னது?"

"எங்க கிளாஸ்ல பொண்ணுங்க எல்லாருக்கும் தெரியும். அதான் கள்ளக்குறிச்சிக்குப் போலாம்னு சொன்ன எங்கம்மாவ இங்க இட்டாந்தேன்."

அம்மா பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தார். "பொண்ணு மூஞ்சி பளிச்சுனு வருமில்ல?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முயற்சி பண்றேங்க" என்றேன். "ஆனா நமக்கு மூஞ்சிதான் சரியா வர்றதில்ல."