சாவியக்காவின் ஊர்

நடுரோட்டில் குனிந்து, இரும்புச் சாவியின் கைப்பிடியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார் சாவியக்கா. பின்னால் வந்த லாரி இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்து, அலுத்துப்போய் ஒதுங்கிப் போகிறது. சாவியின் அடிமுனை ரோட்டுக் குழிக்குள் இருக்கும் வால்வைக் கவ்வியிருக்கிறது. குழாய்க்குள் தண்ணீர் ஓடினால் அந்தச் சத்தம் இரும்பில் ஏறிக் காதுக்கு வரும். "வந்துடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்கிறார். அதற்குள் தெருவில் குடங்கள் உருளத் தொடங்கிவிட்டன.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவதுதான் அவருடைய வேலை. சாவி அவர் தோள் உயரம் இருக்கும். சைக்கிளில் கட்டினால் போகிற வருகிறவர்களின் முழங்காலைப் பதம் பார்க்கிறது என்று தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போகிறார். வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்டால், "குடம் காலியா இருந்தா யாரும் யாருக்கும் தம்பிதான்" என்று சிரிப்பார்.

இந்த ஊரை அவரைப் போலப் பார்க்க வேண்டுமானால் வடக்கு, தெற்கை மறந்துவிட வேண்டும். அவருக்கு மேடு, பள்ளம் என்று இரண்டே திசைகள். மேட்டில் பழைய ஓட்டு வீடுகள். அவருடைய வீடும் அங்கேதான். தண்ணீர்த் தொட்டிக்குச் சற்றே கீழே இருப்பதால், மற்ற எல்லா வால்வையும் மூடினால்தான் அங்கே குழாயில் தண்ணீர் ஏறும். நடுவில் கடைத்தெரு. உரக்கடையும் செல்போன் கடையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே கால்வாய்த் தெருவில் தண்ணீர் வரும் வேகத்தில் குடமே நழுவிவிடும். ரயில்வே கேட்டைத் தாண்டினால் புதுமனை. சில வருஷத்துக்கு முன்னால் சோளக்காடாக இருந்த இடத்தில் பாதி பூசியும் பாதி பூசாமலும் வீடுகள். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒருமுறை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். "காலையிலயா, சாயங்காலமா?" என்றார் சாவியக்கா. வந்தவர் விழித்தார். சாவியக்கா குறும்புக்குச் சொல்லவில்லை. முதல் பஸ் போனால் ஊரில் பாதிப்பேர் டவுனுக்குப் போய்விடுகிறார்கள், பிறகு கிழடுகளும் மாடுகளும்தான் மிச்சம். இது கிராமமா டவுனா என்று ஊர்க்காரர்களைக் கேட்டாலும் இதே கதைதான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் டவுன் என்பார்கள், வீட்டு வரி போடுகிறவரிடம் கிராமம் என்பார்கள்.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்பதே இல்லை. "நீலக்குடம் வீட்டுல மாப்பிள்ளை வந்திருக்கார்", "ரெண்டு டிரம்மு ஏன் ரெண்டு நாளா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கு?" என்றுதான் பேச்சு. வெயிலில் நடக்கிறாரே என்று யாராவது சொம்பை நீட்டினால் வாங்கமாட்டார். குடித்துவிட்டால் அந்தத் தெருவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் விடலாமே என்று மனசு சொல்லுமாம். தன் மனசை அவர் அவ்வளவாக நம்புவதில்லை.

முதலில் சாவி அவர் கணவரிடம்தான் இருந்தது. தொட்டி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனபின் அவர் மேட்டடியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறார். அப்போது நாலு பேரிடம் பேசிச் சாவியைத் தம்பி மனைவி கைக்கு வரவைத்தவர் கணவரின் அண்ணன், மேட்டில் மரக்கடை வைத்திருப்பவர். தம்பி வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சாவியால்தான். சாவியக்கா இதை ஒருநாளும் மறந்ததில்லை. மரக்கடைக்காரரும் மறக்கவிட்டதில்லை.

இந்தக் கோடையில் கிணறு வற்றித் தொட்டி பாதிதான் நிறைந்தது. மேடு, கடைத்தெரு, கால்வாய்த் தெரு என்று வழக்கமான முறைப்படி திறந்துகொண்டு போனால், கடைசியில் புதுமனைக் குழாயில் காற்றுதான் வந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ரயில்வே கேட் வரைக்கும் வந்தாள். சண்டை பிடிக்கவில்லை. "நாங்களும் இந்த ஊருதானேக்கா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் சாவியக்கா திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பார். இந்தக் கேள்வி அவருக்குச் சாப்பாடு இறங்கவிடவில்லை. மறுநாளிலிருந்து மேட்டுக்கு அடுத்தபடி புதுமனைக்குத்தான் என்று முடிவுசெய்து, அதைக் கணவரின் அண்ணனிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அவர் மேட்டுக்குத் திறந்துவிட்டு இறங்கி வந்தபோது, மேட்டடியில் இருக்கும் புதுமனை வால்வுக் குழியின் மூடிமேல் மரக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ரோட்டைவிட ஒரு சாண் உயர்ந்த சிமெண்டு மூடி. அதன்மேல் அவர் சிலைக்கு நிற்பவர் மாதிரி நின்றார். மேட்டுக்காரர்கள் பெரியவர் சின்னவர் பாக்கியில்லாமல் துணைக்கு வந்திருந்தார்கள்.

"அவங்க நேத்து வந்தவங்க. அவங்களுக்குத் திறந்துவிடவா உனக்குச் சாவி வாங்கிக் கொடுத்தேன்?"

"குழாய் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் ஊருதான் மாமா."

"அப்படியா? அப்போ சாவியைக் குடுத்துட்டுப் போ. திறக்கிறதுக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

சாவியக்காவுக்குப் பயம்தான். எதிரே பஞ்சர் கடையில் கணவர் டியூபைக் கையில் பிடித்தபடி அண்ணனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிப் போய் மேட்டு வால்வை மூடவும் வழியில்லை. அடுத்ததைத் திறந்த பிறகுதான் முந்தினதை மூட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பழைய குழாய் எங்கேயாவது வெடித்துவிடும். ஆகவே சாவியை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்.

மரக்கடைக்காரர் பேசத் தொடங்கினார். கிணறு வெட்டியது யார், அதற்கு நிலம் விட்டது யார், ஒரு சொட்டுத் தண்ணீரின் அருமை இந்த வந்தேறிகளுக்குத் தெரியுமா என்று அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. மேட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். தண்ணீரைக் காவல் காக்க வந்த அவசரத்தில் வீட்டில் ஓர் ஆளை விட்டுவர வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரிவில் முதலில் மெல்லிய கோடாகத்தான் தண்ணீர் இறங்கியது. பிறகு ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது. அதன்மேல் மரத்தூள் மிதந்தது. ஊரில் மரத்தூள் இருக்கிற வாசல் ஒன்றே ஒன்றுதான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குழாய் திறந்தபடி கிடக்க, மரக்கடை வாசல் தொட்டி வழிந்து, தண்ணீர் ஊரைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. சிமெண்டு மூடியைச் சுற்றிவந்து அவருடைய செருப்பின் நுனியைத் தொட்டபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. மேட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சத்தம் போடாமல் வீட்டைப் பார்க்க ஓடினார்கள். மரக்கடைக்காரர் இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியக்கா சாவியைத் தூக்கிக் கிடையாகப் பிடித்து அதன் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினார்.

"வழுக்கும் மாமா. இதைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க."

அவர் அதைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார். மறுமுனையைச் சாவியக்கா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.