டயப்பர் கேட்ட இல்லம்

தீபாவளி நெருங்கினால் எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்குக் கொடைக் காய்ச்சல் வந்துவிடும். சென்ற ஆண்டும் புக்கிட் ரம்பாய் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, உதவிக்குத் தகுதியானவர்கள் யார் என்று கோப்பையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை விவாதித்தோம். கோயிலுக்குக் கொடுத்தால் கல்லில் பெயரைச் சின்னதாகத்தான் போடுவார்களாம். அதனால் முதியோர் இல்லம் என்று முடிவானது.

செயலாளர் அலோர் காஜா பக்கமிருந்த ஓர் இல்லத்துக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். பொறுப்பாளர் அம்மா தயங்காமல் சொன்னார்: "அரிசி நெறைய வந்திருச்சி லா, அண்ணே. படுத்த படுக்கையா கெடக்கறவங்களுக்கு டயப்பர் வாங்கிக் குடுங்க, போதும்."

செயலாளர் போனை அணைத்தார். படம் எடுக்கும்போது சங்கத்தின் பதாகைக்கு முன்னால் பட்டு வேட்டியில் நின்று டயப்பர் பொட்டலத்தை எப்படித் தூக்கிப் பிடிப்பது என்று எல்லாரும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

"இவங்க ரொம்ப டிமாண்ட் பண்றாங்க லா," என்றார் தலைவர். அந்த இல்லம் தகுதி இழந்தது.

மெர்லிமாவில் வேறோர் இல்லம் கிடைத்தது. அங்கேயும் வாசலில் அரிசி மூட்டைகள் குவிந்து கிடந்தன. எங்கள் மூட்டைகளையும் அவற்றோடு சேர்த்து அடுக்கிவிட்டு முன்னால் நின்றோம். படத்தில் எங்கள் கொடை மலை போலத் தெரிந்தது.

திரும்பும் வழியில் காரில் தலைவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

"உதவின்னா இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் செய்யணும். அது வேணும், இது வேணும்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

கேட்கவில்லைதான். என்ன வேண்டும் என்று நாங்களும் அவர்களைக் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டுப் பட்டது போதாதா?