கருமகிரியை என்று தேடினால்

கோலா கெத்தில் பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. போன் அடிக்கும். எடுத்தால் முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்கும்.

நான் ஆரம்பித்தது என்னவோ கல்யாணக் கார்டு தொழில். சுங்கை பட்டாணியில் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது, கணினியில் படம் வரையத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டேன். இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, ‘திருமண அழைப்பிதழ் வடிவமைப்பு’ என்று சுத்தத் தமிழில், ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதி வைத்தேன். ஈ காக்கை வரவில்லை.

தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த நண்பன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். சனங்கள் போனில் எதைத் தட்டுகிறார்களோ அதுதான் தேடுசொல், நீ மேடையில் பேசுகிற மாதிரி எழுதினால் எவன் தேடுவான் என்றான். கல்யாணக் கார்டு வேண்டுமென்றால் நம் ஆட்களே மலாயில் ‘காட் காவின்’ என்றுதான் தட்டுவார்களாம். அதையும் போட்டேன். ஊர்ப்பட்ட பெரிய கடைகளெல்லாம் அந்தச் சொல்லில் ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்திருந்தன. என் பக்கம் எங்கோ அடியில் கிடந்தது.

வேறு வழி தெரியாமல் கடைசி வரியில் ‘கருமகிரியை கார்டு’ என்று சேர்த்தேன். இறந்தவரின் படம் போட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்கு இடமும் நேரமும் சொல்லி அனுப்புகிற கார்டு. மற்றவர்களும் அதைச் செய்கிறார்கள்தான். ஆனால் கல்யாணம் என்று எழுதிய பக்கத்திலேயே அந்த வார்த்தையையும் எழுத யாருக்கும் மனம் வராது, அபசகுனம். எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று. போட்டியே இல்லாத சொல் என்பதால், தட்டியவர்களுக்கெல்லாம் நான்தான் முதலில் வந்து நின்றேன்.

செமிலிங், செர்டாங் என்று எங்கிருந்தெல்லாமோ அழைத்தார்கள். இறந்தவரின் நல்ல படம் ஒன்றுகூட இருக்காது. யார் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது எடுத்ததை அனுப்புவார்கள். பக்கத்து ஆளை வெட்டிவிட்டு, கையிலிருக்கும் சோற்றை அழித்துவிட்டு, பின்னால் வானத்தை வைப்பேன். அப்பா நல்லா இருக்காரு அண்ணே என்று அழுவார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நல்ல கல்யாணக் கார்டு ஒன்று என் கையால் வெளியே போய் நாலு பேர் கண்ணில் பட்டால் போதும், அந்த வரியைத் தூக்கிவிடலாம் என்றுதான் காத்திருந்தேன்.

அப்படி ஒரு கார்டு உறுதியாகவும் இருந்தது. அக்கா மகள் கல்யாணம். நான் தாய்மாமன், என்னைத் தவிர வேறு யார் போடுவது? எல்லாரும் போடுகிற மயில் வேண்டாம் மாமா, மல்லிகைச் சரம் போடுங்கள் என்று அவளே கேட்டிருந்தாள். ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்தேன்.

அக்கா வந்தாள். கலக்கி வைத்த காப்பியைத் தொடவில்லை.

“தப்பா எடுத்துக்காதடா தம்பி. மாப்ள வீட்டுல உன் நம்பர தட்டிப் பாத்திருக்காங்க. மொதல்ல வந்ததே கருமகிரியைலா. கார்ட மட்டும் வேற கடையில அடிச்சிக்கலாம்.”

மாப்பிள்ளை வீட்டார் மேல்கூட எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாளே, இவள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் தாய்மாமன் சீர் மட்டும் இந்தக் கையால் ஆகுமா என்று கேட்டேன். அவள் அழுதாள். அழுதுவிட்டு, “எனக்கு யாரத் தெரியும்? நல்ல கடையா நீயே பாத்துக் குடுடா” என்றாள்.

போனை எடுத்து ‘காட் காவின் தமிழ்’ என்று தட்டினேன். ஒரு நப்பாசை, நானும் அதில் வருவேனா என்று கீழே கீழே தள்ளிப் பார்த்தேன். வரவில்லை. முதலில் வந்த கடையை அவளுக்கு வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பி வைத்தேன்.

கார்டு வந்தது. மயில்தான். தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள்.

அன்றைக்கே அந்தக் கடைசி வரியை அழிக்க உட்கார்ந்தேன். அதையும் எடுத்துவிட்டால், எந்தச் சொல்லைத் தட்டினாலும் நான் வரமாட்டேன். அப்படியே விட்டுவிட்டேன்.