மூன்றாவது வீட்டுச் சங்கிலி

“அந்தப் போட்டோவ வைக்காதீகன்னு சொல்றேன்ல—”

“கையை எடு புள்ள, வெயிலு நகருது—”

“ஆளே இல்லாத தெருவ எவன் பார்ப்பான்—”

“ஊருன்னா தேரும் சந்தையும் மட்டுமா? காலியாக் கெடந்ததும் இதே ஊருதான். எடுடீ கையை!”

எடுத்துவிட்டேன்.

இது கேள்விப்பட்ட கதை இல்லை. என் விரல் உணர்ந்தது, என் கண் பார்த்தது. எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. இனிமேல் யாரையும் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

1939, ஆனி மாதம், கூடலூர். என் வீட்டுக்காரர் வீரபாண்டி போட்டோ பிடிக்கிறவர். டூரிங் கொட்டகை முதலாளி அவரிடம் வந்து, “படத்துக்கு முன்னாடி நம்ம ஊரையே திரையில காட்டுனா சனம் அள்ளிக்கிட்டு வரும்ல?” என்று கேட்டார். கையால் சுற்றுகிற சினிமா கேமரா மதுரையிலிருந்து வாடகைக்கு வந்தது. ஆனால் தேரும் சந்தையும் நாம் நினைத்த நேரத்துக்கு நடக்குமா? அதனால் இவர் பத்து வருஷமாக எடுத்து வைத்திருந்த போட்டோக்களையே சினிமாவாக்குவது என்று முடிவானது.

முற்றத்தில் ஒரு பலகை. உச்சி வெயில். நான் ஒரு போட்டோவைப் பலகையில் குத்துவேன். அவர் கேமராவைச் சுற்றுவார். நான் இருபது எண்ணுவேன். அடுத்த போட்டோ. மொத்தம் இருபத்திரண்டு.

பதினேழாவதுதான் அந்தக் காலித் தெரு.

அதற்கு எட்டு வருஷம் முன்னால் ஊரில் எலி விழுந்தது. வீட்டுக்கு வீடு செத்த எலி. பிளேக் வரப்போகிறது என்று அர்த்தம். ஊரே கிளம்பிக் காட்டில் கொட்டகை போட்டது. தலையாரி அம்மாவாசி ஒவ்வொரு வாசலிலும் நின்று வீட்டுக்காரன் பேரை மூன்று தரம் கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் சங்கிலியை மாட்டிப் பூட்டிவிடுவார். எல்லாம் பூட்டிய பிறகு சர்க்காருக்குக் காட்ட இவர் எடுத்த போட்டோ அது. அப்போது எனக்கும் இவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. போட்டோவில் ஒரு வரிசையாக ஆறு வீடு. ஆறு பூட்டு.

அந்தக் களேபரத்தில்தான் என் அக்கா மலையம்மாளைத் தொலைத்தோம். பதினேழு வயசு. காது கேட்கும். வாய் பேச வராது. சின்னம்மா கொட்டகையில் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அம்மாவோடு இருக்கிறாள் என்று சின்னம்மா நினைத்தாள். இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டது ஒன்பதாம் நாள்.

“மலையேறிக் குமுளிப் பக்கம் போயிருப்பா” என்றது ஊர். அன்றிலிருந்து அம்மா, குமுளியிலிருந்து இறங்குகிற வண்டியை எல்லாம் மறித்துக் கேட்டாள். “ஊமைப்புள்ள ஒண்ணு அங்கன திரியுதா சாமி?” எட்டு வருஷம்.

அதனால்தான் வைக்க வேண்டாம் என்றேன். அந்த நாளை அம்மா திரும்பப் பார்க்கக் கூடாது.

மணி பன்னிரண்டு இருபது. போட்டோவின் ஓரம் வெயிலில் சுருண்டது. விரலால் அமுக்கிக்கொண்டே எண்ணினேன். ஒன்று... இரண்டு... பதினொன்றில் நிறுத்திவிட்டேன்.

விரலுக்கு அடியில்... டொக்.

“எண்ணு புள்ள!”

டொக்... டொக்...

“யாரோ தட்டுறாகங்க.”

“கேமரா சத்தம்டீ அது.”

சத்தமே வரவில்லை. விரலில் மட்டும்தான் தெரிந்தது. பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வெறும் சுவர்.

ஃபிலிம் மதுரைக்குப் போய்க் கழுவி வந்தது. வெள்ளிக்கிழமை முதல் காட்சி. சாயங்காலம் ஆறு நாற்பது. அம்மா முன்வரிசை மணலில் உட்கார்ந்தாள்.

“ஏத்தா, இதுல மலையம்மா இருப்பாளா?”

“இல்லம்மா. போட்டோன்னாலே ஓடி ஒளிவாளே அவ.”

“இருந்தாலும் பார்ப்போம்.”

தேர் வந்தது. சந்தை வந்தது. “ஏலே, உங்கப்பன் மீசையப் பாருடா! கெடா மேய்க்கலாம் போலருக்கு!” என்று ஒரே கூத்து. பதினேழாவது வந்ததும் கொட்டகை அடங்கிப்போனது.

இடமிருந்து மூன்றாவது வீடு. பூட்டிய சங்கிலி... ஆடியது. உள்ளேயிருந்து இரண்டு கையாலும் கதவை இழுத்து உலுக்கினால் எப்படி ஆடுமோ, அப்படி. மற்றது எதுவும் அசையவில்லை.

“பார்த்தீகளா?” என்றேன்.

“எதை?” என்றார் இவர்.

அம்மா திரும்பாமலே சொன்னாள்: “அந்த வீட்டுக்குள்ள யாரோ இருக்காக.”

எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரிந்தது.

சனிக்கிழமையும் ஆடியது. ஞாயிறு, விட்டு விட்டு ஆடியது. திங்கள்கிழமை எண்ணினேன். ஆறு தரம். செவ்வாய்... மூன்று தரம்.

உள்ளே இருக்கிற ஆளுக்குத் தெம்பு குறைகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவரிடம் அழுதேன். மறுநாள் காலையில் சுருளைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“முந்நூறு கட்டம் இருக்கு. எல்லாம் ஒண்ணுபோல. எண்ணிக்கோ. பலகையில குத்துன போட்டோ எப்படி புள்ள அசையும்?”

பார்த்தேன். அசையவில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

“வெட்டி எடுத்துருங்க. எங்கம்மா தாங்காது.”

வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தாள். “வெட்டுனா அவ எங்கிட்டுப் போவா?”

‘அவ’ என்றாள். அதுவரை நாங்கள் இருவரும் வாய் திறந்து சொல்லாதது.

புதன்கிழமை சாயங்காலம், மணி ஐந்தரை. அந்த மூன்றாவது வீட்டுக்குப் போனேன். சீனிச்சாமி மாமா வீடு. அவர் சம்சாரம் கஸ்தூரியம்மாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, உங்க வீட்டுக் கதவை யாரோ தட்டுறாக.”

“தொறந்துதானே கெடக்கு. கண்ணு தெரியலையா?”

“இப்ப இல்ல. எலி விழுந்த வருஷம்.”

முறம் கையிலிருந்து நழுவியது. சோளம் முற்றமெல்லாம் ஓடியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“நாந்தான் அனுப்புனேன் ராமுத்தாயி... அடைகோழிய விட்டுட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு வாத்தான்னு சொன்னேன். வரல. ஒங்காத்தாகிட்ட போயிட்டான்னு நெனச்சேன்.”

“தேடுனப்போ ஏன் சொல்லல?”

“பயம்...”

“வீட்டைத் தொறந்தப்போ?”

அவள் கண் திறந்து கிடந்த கதவுக்குப் போனது.

“கதவுக்குப் பின்னால... சாஞ்ச வாக்குல உக்காந்திருந்தா. மடியில கோழிக்கூடை. வெளிய தெரிஞ்சா வீட்டையே கொளுத்திப்புடுவாகன்னு... ஆத்தோரமாக் கொண்டுபோய்ப் பொதைச்சுட்டோம்.”

பின்கதவுக்குத் திருட்டுப் பயத்தில் பலகை அடித்திருந்தார்களாம். அப்படியென்றால் தலையாரி வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டது, உள்ளே கோழியைத் தேடிக்கொண்டிருந்த அக்கா காதில் விழுந்திருக்கும். சீனிச்சாமி... சீனிச்சாமி... சீனிச்சாமி...

பதில் சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

சினிமாக் கொட்டகைக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. திரையில் இருக்கிற பூட்டை எந்தச் சாவி போட்டுத் திறப்பது? ஆறு நாற்பதுக்குப் படம் போட்டார்கள். தேர். சந்தை. ஜட்கா நிற்கிற இடம். பதினாறு.

பதினேழு.

சங்கிலி ஆடவில்லை.

அம்மா எழுந்து நின்றாள். “மலையம்மா!”

“உக்காரு கெழவி, மறைக்குது!” என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

“மலையம்மா! ஆத்தா நிக்கேன்டீ!”

சங்கிலி... ஒரே ஒரு தரம் அசைந்தது.

லேசாக.

அப்புறம் இல்லை.

வியாழக்கிழமை ஆடவில்லை. வெள்ளிக்கிழமையும் ஆடவில்லை. அம்மா குமுளி வண்டிகளை மறிப்பதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை, காலை பத்து மணி. கஸ்தூரியம்மாள் சொன்னதை எல்லாம் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். அந்தப் போட்டோவின் மூலக் கண்ணாடி நெகட்டிவை எடுத்தார்.

“எடுக்கும்போது லென்ஸ் மூடியைக் கழட்டி, எட்டு எண்ணித்தான் திரும்ப மூடுவேன்” என்றார். “அதுக்குள்ள எது அசைஞ்சாலும் கண்ணாடியில கலங்கிப்போயிரும்.”

“சரி.”

“கழுவிப் பார்த்தப்போ... இந்த ஒரு சங்கிலி மட்டும் கலங்கலா இருந்துச்சு ராமுத்தாயி.”

“என்ன செஞ்சீக?”

“சர்க்காருக்குப் போற படம்... வேலை சுத்தமா இருக்கணுமேன்னு... கத்தியால சுரண்டிட்டு, பென்சிலால நேராச் சங்கிலி வரைஞ்சேன். காத்துல ஆடியிருக்கும்னு நெனச்சுட்டேன்.”

கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றாவது கதவில் பென்சில் கோடு பளபளத்தது. மற்ற கதவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வளையமும் எண்ணலாம் போல அத்தனை தெளிவு.

“மத்த அஞ்சு வீட்டுச் சங்கிலியிலயும் அடிக்காத காத்தாங்க அது?”